வாசலிலும் மொட்டைமாடியிலும் கண்டவை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாம்பரத்துக்கு மேற்கே, ஓர் ஏரிக்கரையை ஒட்டிய தெருவில் குடியிருக்கிறோம். 2014 கார்த்திகை மாதத்திலிருந்து வாசலிலும் மொட்டைமாடியிலும் கண்ணில் பட்டதைக் கணக்கு நோட்டு ஒன்றில் எழுதி வருகிறேன். காலை நடையில் உடன் வருபவர்களிடமும், ஊரிலிருந்து வந்து தங்கும் உறவினர்களிடமும், தேநீர்க் கடை பெஞ்சில் பக்கத்தில் உட்காருபவர்களிடமும் அவற்றைச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அவர்களும் தாங்கள் கண்டதைச் சொல்வார்கள். அந்தப் பேச்சுகளில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளையும், இதுவரை எனக்குத் தெளிவான பதில்களையும் இங்கே தருகிறேன்.

நோட்டில் எதையெல்லாம் எழுதுகிறீர்கள்?

பெரிய செய்தி எதுவும் அதில் இருக்காது. முதல் மாம்பூ எந்த நாளில் தெரிந்தது, தெருக் குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு நின்றது, அணில் எந்தச் சன்னலில் நார் சேர்த்தது, கோலமாவை எறும்பு இழுத்துச் சென்ற பாதை எது என்பவைதாம் அதிகம். ஒவ்வொரு பக்கத்தையும் நடுவில் கோடிட்டு இரண்டாகப் பிரித்திருக்கிறேன். இடப்பக்கம் கண்ணால் கண்டது. வலப்பக்கம் அதைப் பற்றி நான் நினைத்தது அல்லது பிறர் சொன்னது. இந்தக் கோடு போடும் பழக்கம் முதல் சில மாதங்களில் இல்லை. அது ஏன் வந்தது என்பதைக் குயிலைப் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

தேதியும் நேரமும் அவ்வளவு முக்கியமா?

முக்கியம். "போன வருஷம் இதே சமயம்" என்று நாம் சொல்லும்போது, அந்தச் சமயம் ஒன்றரை மாதம் முன்னும் பின்னும் நகரக் கூடியது. எழுதிவைத்த தேதி நகராது.

எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறினால் மழை வரும் என்பது உண்மையா?

"எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறினால் மழை" என்று என் அப்பத்தா சொல்லிக் கேட்டே வளர்ந்தேன். வயலை நம்பி வாழ்ந்தவர்கள் பல தலைமுறைகளாகப் பார்த்துச் சொன்னதை ஒரு வார்த்தையில் தள்ளிவிட எனக்கு மனம் வராது. சோதிக்காமல் அப்படியே ஏற்கவும் மனம் வராது. அதனால் எங்கள் படிக்கட்டு எறும்புகளைச் சில பருவங்கள் தொடர்ந்து கவனித்தேன்.

முதலில் தெரிந்துகொண்டது, அவை தூக்கிச் செல்லும் வெள்ளை மணிகளில் பெரும்பாலானவை முட்டைகள் அல்ல என்பது. எறும்பின் முட்டை கண்ணுக்கு அரிதாகவே தெரியும் அளவுக்குச் சிறியது. அரிசிக் குருணை போல நாம் பார்ப்பவை புழுப் பருவத்திலும் கூட்டுப்புழுப் பருவத்திலும் இருக்கும் குஞ்சுகள். அவற்றுக்கு ஈரமும் வெப்பமும் ஓர் அளவில் இருக்க வேண்டும் என்பதால், கூட்டுக்குள் நிலை மாறும்போதெல்லாம் வேலைக்கார எறும்புகள் அவற்றை இடம் மாற்றுகின்றன. ஐப்பசியில் தரை ஊறிக் கூட்டுக்குள் நீர் கசியத் தொடங்கினால் மேலே ஏற்றுகின்றன. வாசல் கழுவிய தண்ணீர் கூட்டுக்குள் இறங்கினாலும் அதையேதான் செய்கின்றன. சித்திரை மாதத்து வெயிலில், மேகமே இல்லாத ஒரு காலையில், அண்டை வீட்டார் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்த அரை மணி நேரத்தில், எங்கள் மூன்றாம் படி வரை குஞ்சுகளைச் சுமந்த வரிசை ஏறியதைப் பார்த்தேன்.

ஆகவே ஏறுவது உண்மை, ஈரத்தோடு அதற்குத் தொடர்பு இருப்பதும் உண்மை. வரப்போகும் மழையை அவை முன்கூட்டியே அறிகின்றனவா என்பதற்கு ஏறிய நாள்களை மட்டும் எண்ணினால் போதாது. ஏறியும் மழை வராத நாள், ஏறாமலே மழை கொட்டிய நாள் ஆகியவற்றையும் எண்ண வேண்டும். மழை வந்த நாளில் எறும்பு நினைவுக்கு வருகிறது. வராத நாளில் எறும்பு ஏறியதையே மறந்துவிடுகிறோம். எங்கள் பக்கத்தில் வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை அடிக்கடி பெய்வதால், அந்த மாதங்களில் எந்த அறிகுறியைச் சொன்னாலும் பாதிக்குப் பாதி பலித்துவிடும் என்பதையும் மறக்கக் கூடாது.

ஈசல் மட்டும் எப்படித் தப்பாமல் மழையோடு வருகிறது?

ஈசல் என்பது கறையானின் இறகு முளைத்த ஆணும் பெண்ணும்தான். மழையில் மண் இளகிய பிறகு வெளிவந்தால்தான் இணை சேர்ந்து புதிய வளை தோண்ட முடியும் என்பதால், பக்கத்துப் புற்றுகளிலிருந்தும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கிளம்புகின்றன. எங்கள் கூடத்தில் குழல்விளக்கை அணைத்து, வாசல் விளக்கின் கீழே அகன்ற தாம்பாளத்தில் தண்ணீர் வைப்போம். காலையில் தரையெங்கும் இறகுகள் மட்டும் கிடக்கும். பெருக்கினால் துடைப்பத்துக்கு முன்னே பறந்து ஓடும். கிராமத்தில் இதையே பிடித்து அரிசியோடு வறுத்துத் தின்றதை எங்கள் அத்தை இன்றும் ஆசையாகச் சொல்வார்.

கூவுவது பெண்குயிலா, ஆண்குயிலா?

"கூ… ஊ" என்று ஏறி ஏறிப் போகும் அந்தக் குரல் ஆண்குயிலுடையது. ஆண் முழுக் கறுப்பு, கண் சிவப்பு. பெண் பழுப்பு நிறத்தில் வெண்புள்ளிகளோடு இருக்கும். அதன் குரல் "கிக்-கிக்-கிக்" என்று வெடுக்கென்று வரும். இனிய குரலுள்ள பெண்ணைக் குயில் என்று அழைத்துப் பழகிய நமக்கு இது சற்று வியப்பாக இருக்கும்.

கோடு போட்ட கதையும் இதில்தான் இருக்கிறது. 2015 சித்திரையில், எதிர்வீட்டு வேப்பமரத்தில் காகம் கூடு கட்டியிருந்தது. ஒரு நாள் காலை ஏழு மணிக்கு, கூட்டுக்கு மிக அருகில் வந்து உட்கார்ந்த கறுப்புக் குயிலை இரண்டு காகங்களும் துரத்திக்கொண்டு ஏரிப் பக்கம் போயின. அன்று நோட்டில் நான் எழுதியது இது: "ஆண்குயில் காகத்தை ஏமாற்றி அழைத்துப் போனது, பெண்குயில் முட்டையிட்டது." அதை அன்று மாலையே நடைக்கு வந்த நால்வரிடம், நேரில் கண்டதாகவே சொன்னேன். அவர்களில் ஒருவர், ஓய்வு பெற்ற ஆசிரியர், "முட்டையிட்டதைப் பார்த்தீங்களா சார்?" என்று மட்டும் கேட்டார். நான் பார்க்கவில்லை. பெண்குயிலையே அன்று பார்க்கவில்லை. நான் கண்டது, காகம் குயிலைத் துரத்தியது ஒன்றைத்தான். மற்றதெல்லாம் ஏற்கெனவே படித்திருந்ததை நான் அந்தக் காலைக்குள் இட்டு நிரப்பியது. அவர் கேட்ட விதத்தில் குத்தல் எதுவும் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார். அன்று இரவு பக்கத்தின் நடுவே கோடு விழுந்தது.

பிறகு அந்தக் கூட்டை விடாமல் பார்த்தோம். குயில் முட்டை ஏறத்தாழ இரண்டு வாரத்துக்குள் பொரிந்துவிடும். காகத்தின் முட்டைக்கு இன்னும் சில நாள்கள் பிடிக்கும். முந்திப் பிறந்த குஞ்சு முந்தியே இரையை வாங்கிப் பெருக்கிறது. வைகாசி கடைசியில், காகத்துக்கு இருக்க வேண்டியதைவிட வால் நீண்ட கறுப்புக் குஞ்சு ஒன்று கிளையில் உட்கார்ந்து சிறகை நடுக்கிக் கெஞ்ச, காகம் வாயில் சோற்றுப் பருக்கையைத் திணித்தது. அந்தச் சோறு எங்கள் வீட்டு மதில்மேல் வைத்தது. இதை இடப்பக்கத்தில் எழுத முடிந்தபோது எனக்கு இருந்த மகிழ்ச்சி, முதல் நாள் கதையைச் சொன்னபோது இருந்ததைவிடப் பெரிது.

பல்லியின் அறுந்த வால் துள்ளுகிறதே, அதற்கு உயிர் உண்டா?

வாலில் உள்ள நரம்புகளும் தசைகளும் சில நிமிடங்கள் தாமாகவே இயங்குகின்றன. பூனை அதைக் கவனிக்கும் நேரத்தில் பல்லி தப்பிக்கிறது. புதிதாக வளரும் வாலில் முள்ளெலும்பு இருக்காது, குருத்தெலும்புத் தண்டுதான் இருக்கும். எங்கள் பூசையறைக் கடிகாரத்தின் பின்னே குடியிருக்கும் பல்லிக்கு வால் நடுவில் நிறம் மாறுவதைப் பார்த்தாலே, எங்கிருந்து மறுபடி வளர்ந்தது என்பது தெரியும்.

மண்வாசனை எதிலிருந்து வருகிறது?

மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள் அதில் முதன்மையானது. மனித மூக்கு அதை மிக மிகக் குறைந்த அளவிலேயே கண்டுகொள்ளும். வறண்ட மண்ணும் பாறையும் கோடையில் உறிஞ்சி வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருள்களும் அதோடு சேர்கின்றன என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் 1964இல் எழுதினார்கள். உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜ் நகரில் சுட்ட மண்ணிலிருந்து இந்த மணத்தை வடித்து அத்தராக விற்கிறார்கள். இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: தொடர்ந்து நான்கு நாள்கள் பெய்த பிறகு இந்த மணம் வருவதில்லை. வெயில் காய்ந்த தரையில் விழும் முதல் தூறலுக்கே அது உரியது.

நிழலே விழாத நாள் ஒன்று உண்டு என்கிறார்களே, வீட்டில் பார்க்க முடியுமா?

முடியும். இதைவிட எளிதாக, இதைவிட நிறைவாகப் பார்க்கக் கூடிய வேறொன்றை நான் அறியேன். கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடையிலுள்ள ஊர்களில் ஆண்டுக்கு இரண்டு நாள்கள் சூரியன் நண்பகலில் நேர் உச்சிக்கு வரும். சென்னையில் அது ஏப்ரல் 24ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18ஐ ஒட்டியும் நிகழ்கிறது. கன்னியாகுமரியில் முதல் முறை ஏப்ரல் 10ஐ ஒட்டியே வந்துவிடும். தில்லிக்காரர்களுக்கு இந்தக் காட்சி கிடைக்காது, ஏனென்றால் அவர்கள் ஊர் கடக ரேகைக்கு வடக்கே இருக்கிறது.

மொட்டைமாடியில் சமமான இடத்தில் எவர்சில்வர் டப்பா ஒன்றைக் கவிழ்த்து வைத்தோம். டப்பாவைச் சுற்றி என் பேத்தி கோலமாவால் வட்டம் போட்டாள். பதினொன்றே முக்காலுக்கு மேற்குப் பக்கம் விரல் அகலத்துக்கு நிழல் இருந்தது. அது பிறைபோல் மெலிந்து, நூலாகி, 12 மணி 7 நிமிட அளவில் எந்தப் பக்கமும் இல்லாமல் போயிற்று. பக்கத்தில் நின்ற பேத்தியின் நிழல் அவள் காலடிக்குள் சுருண்டு, பாவாடை விளிம்பின் வட்டமாக மட்டும் தெரிந்தது. சரியாகப் பன்னிரண்டுக்கு ஏன் மறையவில்லை என்று அவள் கேட்டாள். நம் கடிகாரம் 82.5 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது. சென்னை அதற்கு மேற்கே ஏறத்தாழ 80.3 பாகையில் இருப்பதால் சூரியன் நமக்குச் சில நிமிடங்கள் தாமதமாக உச்சிக்கு வருகிறது. தரை கொதிக்கும், செருப்பு அவசியம். மேகம் மூடினால் மறுநாளும் முயலலாம், வேறுபாடு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கே இருக்கும்.

நிலா உதிக்கும்போது மட்டும் பெரிதாக இருப்பது ஏன்?

பெரிதாக இருப்பதில்லை, பெரிதாகத் தோன்றுகிறது. கையை முழுவதும் நீட்டி, சுண்டுவிரல் நுனியால் மறைத்துப் பாருங்கள். பிறகு நள்ளிரவில் உச்சியில் இருக்கும்போதும் அதே விரலால் மறைத்துப் பாருங்கள். இரண்டு முறையும் விரலின் அகலத்தில் பாதிதான் வரும்.

பல ஆண்டுகளுக்கு முன் நடந்ததை நினைவிலிருந்து சொன்னால் நம்பலாமா?

நம்பிச் சொல்லலாம், ஆனால் சரிபார்க்க வழியிருந்தால் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும். 2015 டிசம்பர் 1ஆம் தேதி மழையை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். மறுநாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவாயிற்று. அன்றிரவு எங்கள் வாசலின் மூன்றாம் படி மூழ்கியது என்று நான் பல ஆண்டுகள், பல பேரிடம், கை உயரத்தைக் காட்டிச் சொல்லியிருக்கிறேன். மின்சாரம் போன பிறகுதான் தண்ணீர் ஏறியது என்பதிலும் உறுதியாக இருந்தேன்.

2021இல் மறுபடி வெள்ளம் வந்தபோது பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஈரம் பட்டு ஊதா மை பரவியிருந்த அந்தப் பக்கத்தில் இருந்தது இவ்வளவுதான்: "இரவு 9.40. இரண்டாம் படியின் விளிம்பு. விளக்கு எரிகிறது. அரிசி மூட்டையைக் கட்டில் மேல் ஏற்றினோம். எதிர்வீட்டு அம்மா மெழுகுவத்தி கொடுத்தனுப்பினார்." மூன்றாம் படி மூழ்கியது எங்கள் வீட்டில் அல்ல; தெருவின் தாழ்ந்த முனையில் இருந்த என் தம்பி வீட்டில். அவன் சொன்ன கதை என் கதைக்குள் வந்து, என் கண்ணால் கண்டது போலவே குடியேறிவிட்டது. நான் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் எனக்கு நினைவு இருந்தது.

இது எல்லோருக்கும் நடப்பது. 1986 ஜனவரியில் சாலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள், அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக மாணவர்களிடம், செய்தி கேட்டபோது எங்கே, யாரோடு இருந்தார்கள் என்று எழுதி வாங்கினார்கள். ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் கழித்து அதே மாணவர்கள் சிலரைக் கேட்டபோது, பலருடைய விவரங்கள் முதலில் எழுதியதோடு பொருந்தவில்லை. ஆனால் அவர்கள் மிக உறுதியாகப் பேசினார்கள். உறுதி என்பது சரியாக நினைவிருப்பதற்குச் சாட்சி அல்ல என்பதை அந்த ஈரம் பட்ட பக்கம் எனக்குக் காட்டியது. இப்போது அந்தக் கதையைச் சொல்லும்போது இரண்டாம் படி என்றே சொல்கிறேன். எதிர்வீட்டு அம்மா அனுப்பிய மெழுகுவத்தியையும் சேர்த்துச் சொல்கிறேன். அதை நான் அடியோடு மறந்திருந்தேன்.

அக்கம்பக்கத்தாரைப் பற்றிய சம்பவங்களைப் பேச்சில் சொல்லலாமா?

அவர் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் சொல்வோமா என்று ஒரு கணம் நினைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லலாம். எங்கள் தெருவில் ஒரு பையன் தேர்வில் தவறியதையும், அவன் இரண்டு நாள்கள் மொட்டைமாடியிலேயே உட்கார்ந்திருந்ததையும் நான் இரக்கத்தோடுதான் நடை நண்பர்களிடம் சொன்னேன். பெயர் சொல்லவில்லை. ஆனால் தெருவில் இருப்பவை பதினாறு வீடுகள், பெயர் எதற்கு? அது அவன் தாயின் காதுக்குப் போயிற்று. அவர் சண்டைக்கு வரவில்லை. எங்கள் வீட்டுக்குக் கறிவேப்பிலை கேட்டு வருவதை நிறுத்திவிட்டார், ஓராண்டுக்கு மேல். போய் மன்னிப்புக் கேட்டேன், "விடுங்கண்ணே" என்றார். ஆனாலும் அந்த வருத்தம் இன்றும் எனக்குள் இருக்கிறது.

எறும்பைப் பற்றியும் குயிலைப் பற்றியும் பேச யாரிடமும் அனுமதி வேண்டியதில்லை. மனிதர்களின் துயரம் அவர்களுடையது. முகம் தெரியாத ஒருவர் பேருந்தில் தூங்குவதைப் படமெடுத்து நாலு பேருக்கு அனுப்புவதும் இதே கணக்கில் சேர்ந்ததுதான் என்று நினைக்கிறேன்.

பிறர் சொன்ன நல்ல கதையைத் தனக்கு நடந்ததாகச் சொல்வதில் என்ன தவறு?

கேட்பவர் "எந்த இடத்தில், அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்பார், அங்கிருந்து ஒவ்வொன்றாகக் கற்பனை செய்து சொல்ல வேண்டியிருக்கும். "என் மைத்துனர் சொன்னார்" என்று தொடங்கினால் கதையின் சுவை ஒரு துளியும் குறையாது.

இத்தனை சிறிய விஷயங்களை எழுதுவதால் யாருக்குப் பயன்?

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும், இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். ஆட்சியும் போரும் அதில் இருப்பது போலவே கப்பல் வந்த நேரமும், அடித்த புயலும், ஊரில் நிலவிய பேச்சும் இருக்கின்றன. அக்காலப் புதுச்சேரியின் அன்றாடத்தை இன்று நாம் அறிவதற்கு, அவர் சிறியவற்றை விடாமல் எழுதியதே காரணம். நாவலாசிரியர் மாதவையாவின் மகனான மா. கிருஷ்ணன், 1950 முதல் 1996இல் மறையும் வரை கல்கத்தா நாளிதழ் ஒன்றில் இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதினார்; காட்டு யானையோடு, வீட்டைச் சுற்றித் திரியும் சாதாரண உயிர்களும் அவருக்குப் பொருளாக இருந்தன.

நம் குறிப்புகள் அந்த அளவுக்கு உயர வேண்டியதில்லை. பொங்கல் நாள்களில் தமிழ்நாடெங்கும் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில், வீட்டு வாசலில் 15 நிமிடம் நின்று பார்த்த காகம், மைனா, தவிட்டுக்குருவி ஆகியவற்றின் எண்ணிக்கையையே கேட்கிறார்கள். அதையும் கண்டபடி கொடுத்தால் போதும். குருவிகள் குறைந்துவிட்டன என்று எல்லோரும் சொல்கிறோம். எங்கள் தெருவில் 2014இல் எத்தனை இருந்தன என்று யாராவது எழுதியிருந்தால், அந்தப் பேச்சுக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். நானும் எழுதவில்லை.

நாங்களும் தொடங்க விரும்புகிறோம். எதிலிருந்து தொடங்கலாம்?

ஒரே ஒரு மரத்திலிருந்து தொடங்குங்கள். தினமும் கடந்து போகும் மரமாக இருக்கட்டும். கொன்றை என்றால் மிகவும் நல்லது, ஏனென்றால் இலை உதிர்வதும் மஞ்சள் பூச்சரம் தொங்குவதும் தூரத்திலிருந்தே தெரியும். வாரத்துக்கு ஒரு முறை, ஒரே கிழமையில், அடியில் நின்று அண்ணாந்து பார்த்துத் தளிர், பூ, காய் ஆகியவை இருக்கின்றனவா என்று மட்டும் எழுதுங்கள். இல்லையென்றால் "இல்லை" என்றே எழுதுங்கள், அதுவும் கண்டதுதான். என் பேத்தி தன் பள்ளி வாசல் கொன்றையை வெள்ளிக்கிழமைகளில் பார்க்கிறாள். அவளுடைய நோட்டில் முதல் பதினொரு வாரங்களுக்கும் எதிரே "பூ இல்லை" என்று இருக்கிறது. பன்னிரண்டாவது வாரத்தில், கோட்டுக்கு இடப்பக்கம், "கீழ்க்கிளையில் மூன்று பூ, ஒன்றில் எறும்பு" என்று எழுதியிருக்கிறாள்.